டோலிய எறக்கச் சொன்னது யாரு?

"உக்காருன்னா எப்படி சார் உக்காருறது? கொஞ்சம் தலையத் தூக்கிப் பாருங்க. என் தோள்மேல இருக்கறது மூங்கிக் கழி. கழியில தொங்குறது எங்கக்கா. நான் உக்காந்தா அவ தரையில படுவா, தரையில பட்டா செத்துப்போவா. அப்புறம் அந்த நாற்காலிய வெச்சி நான் இன்னா பண்றது, அவ காரியத்துக்கு வர்றவங்களுக்குப் போடுறதா? இன்னாது? நாங்க கொன்னமா? பொன்னாண்டி சித்தப்பாவ நாங்க கொன்னமா? மூடநம்பிக்கையா? சார், இருங்க, குறுக்க பேசாதீங்க. நீங்க பேசினத நான் கேட்டேன்ல? கை கட்டித்தான் கேக்க முடியல, கை கழியில இருக்குது. இப்ப நீங்க கேளுங்க."

இப்படித்தான் ஆரம்பிச்சா வேடியம்மா, திங்கக்கெழம நடக்குற குறைதீர்ப்புக் கூட்டத்துல, ஃபேன் சுத்துற அந்தப் பெரிய ஹால்ல, மனுவ வெச்சிக்கிட்டு வரிசையில நின்ன சனமெல்லாம் திரும்பிப் பாக்க. கழிக்கு முன்னாடி அவளும் எதுத்த வீட்டு ராமாயியும், பின்னாடி அக்கா புருசன் தீர்த்தகிரியும் அவன் தம்பியும். நடுவுல கம்பளி டோலிக்குள்ள அக்கா உண்ணாமல. டோலிக்குக் கீழ, பளபளன்னு தொடச்ச டைல்ஸ் தரையில, உண்ணாமலயோட கொழந்த தவழ்ந்துக்கிட்டு இருந்துச்சி. மேடையில உக்காந்திருந்த சுகாதாரத்துப் பெரிய அதிகாரிகிட்டதான் வேடி பேசுனா. அவ காலேஜுல பிசிக்ஸ் படிச்சிக்கிட்டு இருந்தவ, ஹாஸ்டல் சாம்பார்ல பல்லி கெடந்ததுக்கு வார்டன் ரூம் வாசல்ல பானையோட போயி உக்காந்தவ, வாய்க்கு நீளம் போதாதுன்னு கையையும் நீட்டிப் பேசுறவ. அன்னிக்குக் கை நீட்ட முடியலங்கறதுனால எல்லாக் கோவமும் வாய் வழியாவே வந்துச்சி.

அந்தக் கோவம் எங்கேந்து வந்துச்சின்னா, ஈச்சங்கொல்லையிலேந்து வந்துச்சி.

ஈச்சங்கொல்லைக்கு ரோடு கெடையாது. மலையடிவாரத்துல தார் ரோடு எங்க முடியுதோ அங்கேந்து, ஓட தாண்டி, பாறை தாண்டி, புளியமரத் தோப்பு தாண்டி, மேல மேல ஏறி, மூச்சு நெஞ்சுக்குள்ள நிக்காம தொண்டைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் ஊரு. யாருக்காவது முடியலன்னா டோலி கட்டுவாங்க. மூங்கி வெட்டி, கம்பளி கட்டி, ஆள உள்ள படுக்க வெச்சி, நாலு பேரு தோள் குடுத்துக் கீழ எறங்குவாங்க. அதுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. டோலி கட்டினா ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் எறக்கக் கூடாது. தோள் மாத்தலாம், ஆள் மாத்தலாம், நின்னபடியே தண்ணி குடிக்கலாம், வலிச்சா ஊரக் கூட்டித் திட்டலாம், ஆனா எறக்கக் கூடாது. ஏன்னா மண்ணு பாத்துக்கிட்டே கூட வரும், வழியில எறக்கினா நமக்குன்னு குடுத்துட்டாங்கன்னு எடுத்துக்கும். இதக் கேட்டு வேடி காலேஜுல சிரிச்சிருக்கா, எங்க சனம் திருந்தாதுன்னு போட்டியில பேசி டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியிருக்கா. அந்த டிபன் பாக்ஸ்லதான் அக்கா இப்பவும் கஞ்சி குடிக்கிறா.

ஆடி மாசம் லீவுல வேடி ஊருக்கு வந்திருந்தா. விடியக்கால உண்ணாமலைக்குப் பொட்டப்புள்ள பொறந்துச்சி. புள்ள வந்துருச்சி, ஆனா ரத்தம் நிக்கல. பாய் நனைஞ்சி, பாய்க்குக் கீழ மண்ணு நனைஞ்சி, வாசப்படி வரைக்கும் வந்துருச்சி. தீர்த்தகிரி மூங்கி வெட்டுனான். எறங்குனாங்க. வேடி பக்கத்துலயே ஓடுனா, அக்கா கையப் புடிச்சிக்கிட்டு, கை குளுந்துக்கிட்டே வர்றத யாருக்கும் சொல்லாம. தார் ரோட்டுக்கு ஆம்புலன்ஸ் வருதுன்னு ஃபோன்ல சொன்னாங்க. தார் ரோட்டுல ஒரு மாடு நின்னுச்சி, ஆம்புலன்ஸ் நிக்கல. நின்னாங்க. வெயில் ஏறுச்சி. இப்பவோ அப்பவோன்னு எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னப்ப, டோலிக்குள்ளேந்து உண்ணாமல, "ஏய் வேடி, தண்ணி குடு, நாக்கு ஒட்டுது"ன்னா.

பாத்தா ரத்தம் நின்னுருக்கு.

அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாங்க. டாக்டர் ரூம் பூட்டியிருந்துச்சி, அவரு இதோட சேத்து இன்னும் மூணு ஊரு ஆஸ்பத்திரிக்கும் ஒரே டாக்டராம். ஒரே ஒரு நர்ஸம்மா இருந்துச்சி, ஸ்டூல் மேல ஏறி நின்னு பிரஷர் பாத்துச்சி, மிஷின் ஒண்ணுமே காட்டல, நாடி புடிச்சிப் பாத்துச்சி, நாடி இல்ல. "நாடியே இல்லம்மா"ன்னு சொன்ன நர்ஸம்மாவ உண்ணாமல கண்ணத் தொறந்து பாத்து, "இல்லன்னா குடுத்துட்டுப் போ"ன்னா. "பெட்டுல படுக்க வைங்க, ட்ரிப் போடுறேன்"னு நர்ஸம்மா சொல்லுச்சி. எறக்குனாங்க. பாதிக் கம்பளி கட்டில்ல பட்டுச்சி, குதிகால் சிமெண்டுத் தரையில உரசுச்சி, அவ்வளவுதான், கொழாயத் தொறந்த மாதிரி ரத்தம் கொட்டுச்சி, உதடு சுண்ணாம்பு ஆயிருச்சி, கண்ணு மேல போயிருச்சி. தீர்த்தகிரி காட்டுக்கத்தலா கத்தி கழியத் தூக்குனான். தூக்குன ஒடனே கொழாய மூடுன மாதிரி நின்னுருச்சி. உண்ணாமல பெருமூச்சு விட்டா. தரையில சிந்துனத நர்ஸம்மா அழுதுக்கிட்டே தொடச்சிது. "எங்கிட்ட ரத்தமும் இல்ல, டாக்டரும் இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டே நடந்தாங்க, பஸ்ஸெல்லாம் ஆரன் அடிச்சிக்கிட்டு ஒதுங்கிப் போச்சி. அங்க வாசல்லயே வேடி சொல்லிட்டா, மொதல்ல டாக்டர் வந்து நிக்கட்டும், ரத்தப் பைய மாட்டுங்க, ஆபரேஷன் தியேட்டரத் தொறங்க, அதுக்கப்புறம் எறக்குறோம். சீட்டு எழுதுறவரு மூக்குக்கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டு, "பெட்டுல படுத்தாத்தாம்மா பேஷண்ட், பேஷண்ட் ஆனாத்தான் டாக்டரக் கூப்பிட முடியும்"னாரு. "அப்ப டோலியில இருக்கறவ யாரு?"ன்னு வேடி கேட்டா. அவரு ரொம்ப யோசிச்சிட்டு, "பாக்க வந்தவங்க"ன்னாரு. பாக்க வர்றவங்க நேரம் முடிஞ்சிருச்சின்னு வாட்ச்மேன் வந்து எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாரு.

ஊருக்கே தூக்கிட்டு வந்தாங்க. வேற எங்க போறது?

ஈச்சங்கொல்லை சனம் இத ஒரு அதிசயமா பேசிக்கல, அதிசயம்னு வாயப் பொளக்க அவங்களுக்கு நேரமும் இல்ல. ஊர்க் கவுண்டர் கூட்டம் போட்டு, கெழக்கு வீதி காலையில, மேக்கு வீதி மதியம், ஓடைக்கரை வீதி ராத்திரின்னு தோள் முறை பிரிச்சிட்டாரு. நின்னா தோள் மரத்துப்போவுது, நடந்தா பரவாயில்லன்னு கண்டுபுடிச்சாங்க, அதனால உண்ணாமல நாள் பூரா ஊரச் சுத்தினா. சாமைக் கொல்லைக்குப் போனா, கள எடுக்குறவங்கள மேலேந்து பாத்து, "ஏண்டி, அது கள இல்லடி, பயிரு"ன்னா. கொழந்தைக்குப் பசிச்சா தூக்கி டோலிக்குள்ள விடுவாங்க, அது பால் குடிச்சிட்டு அப்படியே தூங்கும், சுமக்கறவங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பாரம், யாரும் மொகம் சுளிக்கல. யாரு வீட்டுச் சுவத்துக்கு அந்தாண்ட இன்னா நடக்குதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிது, பாதிச் சண்டைய அவதான் மூட்டுனா, மீதியும் அவதான் தீத்தா. ஆம்பளைங்க எல்லாருக்கும் ஒரு பக்கத் தோள் எறங்கிப்போச்சி, தூரத்துலேந்து பாத்தா ஊரே காத்துல சாஞ்ச மாதிரி இருக்கும். பொண்ணு பாக்க வர்றவங்க நெலம் எவ்வளவுன்னு கேக்குறத வுட்டுட்டு, வீட்ல தோள் எத்தினின்னு கேட்டாங்க. வேடி காலேஜுக்குத் திரும்பிப் போவல.

அப்புறம் பொன்னாண்டிக்கு நெஞ்சு வலி வந்துச்சி. வேடிக்குச் சித்தப்பா மொற, வாயத் தொறந்தா நக்கல்தான். வலி வந்து அவரு சுருண்டப்ப யாரும் ஆஸ்பத்திரின்னு வாயெடுக்கல, நேரா மூங்கி வெட்டப் போயிட்டாங்க. டோலியில ஏத்துன ஒடனே அவரு, "அட, இங்க காத்தா இருக்குடா, முன்னாடியே நெஞ்சு வலிச்சிருக்கலாமே"ன்னாரு. அப்புறம் பாம்பு கடிச்ச ஒரு பொம்பள, அப்புறம் வலிப்பு வந்த ஒரு பையன், அப்புறம் மஞ்சக் காமாலை வந்த ஒருத்தன். ஊரோட மேல் பாதி தொங்குச்சி, கீழ் பாதி நடந்துச்சி, ஆனா சாவு இல்ல. ஆடி போயி, ஐப்பசி மழ போயி, தை வந்துச்சி, சாவு மோளம் கூரையில தொங்குனபடியே தொங்குச்சி, அதுல சிலந்தி கூடு கட்டுச்சி.

இது கீழ இருக்கற ஆபீஸ் வரைக்கும் தெரிஞ்சிது. எப்படித் தெரிஞ்சிதுன்னா, சாவு இல்லாத ஊருன்னு தெரிஞ்சிது. தார் ரோடு முடியுற எடத்துல ஷாமியானா போட்டு, மேல ஏறி வர முடியாதுங்கறதுனால ஊரையே கீழ எறங்கி வரச் சொல்லி, ஒரு கேடயம் குடுத்தாங்க, நல்ல கனமான கேடயம். டோலியெல்லாம் ஃபோட்டோவுல வுழக் கூடாதுன்னு மரத்துக்குப் பின்னாடி நிக்க வெச்சாங்க. அந்த மாசமே, உயிர்ச்சேதம் இல்லாத ஊருக்கு ரோடு எதுக்குன்னு ரோட்டு வேலைய வேற ஊருக்குத் தள்ளிட்டாங்க, அடிவாரத்து நர்ஸம்மாவையும் வேற எங்கயோ மாத்திட்டாங்க.

"நாம சாவாததுதான் தப்பாப் போச்சி"ன்னு வேடி கேடயத்த அடுப்புக்கு முட்டுக் குடுத்தா.

அப்புறம் ஒருநாள் தோள் தீந்துபோச்சி. கொல்லையில கள சாமைய விட ஒசரமா நின்னுச்சி, எடுக்க ஆள் இல்ல. மேக்கு வீதி முறைக்கு ஆள் பத்தாம தீர்த்தகிரி காலையிலேந்து கழிய மாத்தாம நின்னான். வேடி போயி கழிக்குக் கீழ தோள வெச்சா. கவுண்டர் ஓடியாந்தாரு.

"ஏ பொண்ணே, வுடு, வுடு. பொம்பள தோள் குடுக்குற வழக்கம் இல்ல."

"ஏன் பெரியப்பா, குடுத்தா இன்னா ஆவும்?"

"பாரம் ஏறும்னு சொல்லுவாங்க."

"இவ பத்து மாசம் புள்ள சொமந்தாளே, அப்ப எந்த ஆம்பளையாவது வந்து வழக்கம் கேட்டீங்களா? தண்ணிக் கொடம், வெறகுக் கட்டு, சாமை மூட்டை, அதுக்கெல்லாம் இல்லாத வழக்கம் இந்தக் கழிக்கு மட்டும் எங்கேந்து வந்துச்சி? இந்தாங்க, வழக்கத்த நீங்க சொமங்க, அக்காவ நான் சொமக்குறேன்."

அப்புறம் ராமாயி வந்தா, அப்புறம் எல்லா வீட்டுப் பொம்பளைங்களும் வந்தாங்க. பாரம் ஏறல. ஆனா அந்தத் தோளும் பத்தல.

மொதல்ல அதப் புரிஞ்சிக்கிட்டது பொன்னாண்டிதான். அறுப்பு முடிஞ்ச கொல்லையில, மதிய வெயில்ல, அவரத் தூக்கிட்டு நின்ன நாலு பேருல ஒருத்தன் மயங்கிச் சரிஞ்சான், பக்கத்துல இருந்த வேடி ஓடிப்போய் கழியப் புடிச்சா. அவரு மேலேந்து எட்டிப் பாத்தாரு.

"டேய், என்ன எறக்குங்கடா."

"சும்மா இரு சித்தப்பா."

"இன்னா சும்மா இரு? நெஞ்சு வலி வந்து எவ்வளவு காலம் ஆவுது, நெஞ்சே அத மறந்துருச்சி. எறக்குனா ஞாபகம் வரும், அவ்வளவுதானே? நாலு தோளு மிச்சமாவும். அந்தப் பொண்ணு உண்ணாமலைக்குப் பால் குடிக்கிற புள்ள இருக்குது. எனக்கு இன்னா இருக்குது, பீடிக்கட்டு."

யாரும் எறக்கல. அவரே கம்பளிய ஒதுக்கிட்டுக் கால வெளிய தொங்கப் போட்டாரு, சின்னப் பசங்க ஓடையில கால் வுடுற மாதிரி. பாதம் சாமைத் தட்டையில பட்டுச்சி. "மண்ணு சூடா இருக்குதுடா"ன்னாரு, ரொம்ப நாள் பாக்காத ஆளப் பாத்த மாதிரி. அதோட சாஞ்சிட்டாரு.

மோளத்துல இருந்த சிலந்திக் கூட்டத் தட்டிட்டு அடிச்சாங்க. பொதைச்சிட்டுக் கையக் கழுவுன நாலு பேரும் வீட்டுக்குப் போவாம நேரா உண்ணாமல டோலிக்கு வந்து தோள் குடுத்தாங்க. அத உண்ணாமல பாத்துட்டா. அன்னிக்கு அவ யாரு வீட்டுக் கதையும் பேசல.

மறுநாள் காலையில வேடி கஞ்சி எடுத்துட்டுப் போனப்ப அவ வாங்கல.

"வேடி, என்னையும் எறக்கிடு."

"வாயக் கழுவு."

"நான் சொல்றத—"

"கேக்க மாட்டேன். அவரு வயசானவரு. நீ எறங்குனா அவனுங்க ஜெயிச்சிருவானுங்க, தெரியுமா? அந்த சீட்டு எழுதுறவன், கேடயம் குடுத்தவன், எல்லாம். நீ தொங்குறதுதான் நம்ம பதிலு. நீ தொங்குற வரைக்கும்தான் அவனுங்களக் கேள்வி கேக்க முடியும்."

உண்ணாமல எட்டிப் பாத்தா. கீழ, டோலி நெழல்ல, கொழந்த கழிக்காரங்க காலப் புடிச்சிக்கிட்டு எழுந்து நின்னு, வுழுந்து, திருப்பி எழுந்து நின்னுச்சி.

"ஏண்டி, நான் உனக்கு அக்காவா, இல்ல கொடியா?"

வேடி கஞ்சி டிபன் பாக்ஸ் மூடிய அழுத்தி அழுத்தி மூடுனா.

"என் புள்ள நடக்கப் போவுது," உண்ணாமல சொன்னா. "நான் வவ்வாலு மாதிரி தொங்கிக்கிட்டுப் பாக்கணுமா? ஒரு வாட்டி தரையில நின்னு அதத் தூக்கணும். செத்தாலும் நின்னுட்டுச் சாவுறேன். உங்க மாமாவப் பாரு, ரெண்டு தோளும் புண்ணு, ஈ மொய்க்குது. எனக்கு மேலேந்து எல்லாம் தெரியுது வேடி. அதான் வினையே."

வேடி அழல. அவளுக்கு அழுகையும் கோவமாத்தான் வரும். "ஒரே ஒரு தடவ," அப்படின்னா. "திங்கக்கெழம. கலெக்டர் ஆபீஸ். எல்லாரும் பாக்க, எல்லாரும் கேக்க, நான் கேக்குறேன். பதில் வந்தா டாக்டர் கையில எறக்குறேன். வரலன்னா…"

"வரலன்னா?"

"நீ சொன்ன மாதிரி."

உண்ணாமல கஞ்சிய வாங்கிக் குடிச்சா. "நாக்க கொஞ்சம் அடக்கிப் பேசு, பதில் சொல்ல வர்றவனையும் தொரத்திருவ,"ன்னா.

ஞாயித்துக்கெழமையே எறங்குனாங்க. பாம்பு கடிச்சவளுக்கும் வலிப்புப் பையனுக்கும் காமாலைக்காரனுக்கும் தோள் வுட்டுட்டு வரணுமே, அதனால மிச்சம் இருந்தது நாலே பேருதான், வழியில மாத்த ஆள் இல்ல. ஓட தாண்டி, தார் ரோட்டுல நடந்து, பஸ்ஸ்டாண்ட் தாண்டி, பெரிய ஆஸ்பத்திரி வாசல் தாண்டி, அந்த வாட்ச்மேன் இப்பவும் பாக்க வந்தவங்க நேரம் முடிஞ்சிருச்சின்னு கைய ஆட்டுனாரு, திங்கக்கெழம காலையில ஹாலுக்குள்ள வந்து நின்னாங்க. கதவு அகலமாத்தான் இருந்துச்சி, ஒரு கஷ்டமும் இல்லாம டோலி உள்ள வந்துச்சி.

இப்ப எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டா வேடி. மேடையில இருந்தவரு பக்கத்துல இருந்தவர்கிட்ட குனிஞ்சி ஏதோ பேசிட்டு, மைக்க ஒருக்களிச்சி வெச்சிக்கிட்டு இவளுக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாரு.

"சத்தமா சொல்லுங்க சார், பின்னாடி நிக்குறவங்களுக்குக் கேக்கல. எறக்கிடு, நாங்க பாத்துக்குறோம்னா? பாத்துக்குறது யாரு? பேரு சொல்லுங்க. வெளிய வண்டி நிக்குதா? நின்னா வண்டியில யாரு இருக்கா? டிரைவரா? டிரைவரு ஆபரேஷன் பண்ணுவாரா? இன்னாது, நடிக்கிறோமா? சரி, நடிப்புன்னே வெச்சிக்குவோம். நீங்களே எறங்கி வாங்க, ரெண்டு கையாலயும் எங்கக்காவத் தாங்கி நீங்களே தரையில வைங்க. வாங்க சார். ஏன் பின்னாடி போறீங்க?"

பின்னாடி "வேடி"ன்னான் தீர்த்தகிரி, ரொம்பச் சின்னக் கொரல்ல. "முட்டி தாங்கல வேடி."

கழி பின்பக்கம் ஒரு சாண் எறங்குச்சி. ராமாயி பல்லக் கடிச்சா. கம்பளி கீழ தாழ்ந்துச்சி, உண்ணாமலயோட பாதம் வெளிய வந்து டைல்ஸுக்கு மேல தொங்குச்சி, தரையில அதோட நெழலு கிட்ட வந்துக்கிட்டே இருந்துச்சி. கொழந்த தவழ்ந்து வந்து, நாற்காலிக் காலப் புடிச்சி எழுந்து, கைய விட்டுட்டு ஒரு அடி வெச்சி, இன்னொரு அடி வெச்சி, அம்மாவோட பெருவெரலப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சி. புடிச்சி இழுத்துச்சி.

"பாத்தியாடி, நடந்துருச்சி,"ன்னா உண்ணாமல டோலிக்குள்ளேந்து.

வேடி திரும்பிப் பாக்கல, பாத்தா கழி சாயும். மைக்க அணைக்க வந்த ஆள, "தொட்டுப் பாரு"ன்னு ஒரு பார்வையில நிறுத்துனா. அப்புறம் அந்த ஹால்ல இருந்த ஒவ்வொரு மனுவும், ஒவ்வொரு ஆளும் கேக்குற மாதிரி கத்துனா.

"இன்னும் ஒரு சாண்தான் சார் இருக்குது. எறக்குன்னு சொன்னது உங்க வாய்தான், இத்தினி பேரு கேட்டாங்க. டாக்டர் எங்க நிக்கிறாரு, ரத்தம் எங்க தொங்குது, யாரு கையில எறக்கணும், அதையும் அதே வாயால சொல்லுங்க. காதுல வேணாம், மைக்குல சொல்லுங்க. எழுந்து நின்னு, உங்க பேரச் சொல்லி, இப்பவே சொல்லுங்க!"